மரணச் சான்றிதழ் கேட்ட வயல்

எடித்துக்கு வயல் பறிபோன செய்தி, 2013ஆம் ஆண்டு புரட்டாதி மாதம் பதினேழாம் திகதி, செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொன்றேகால் மணியளவில் வந்து சேர்ந்தது. கொண்டு வந்தவர் அவளுடைய மூத்த அண்ணன் எமிலியானுஸ். அவர் மன்னார் பஸ் நிலையத்தில் நேரம் குறிப்பவர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்தான். ஆனால் எந்த பஸ் எத்தனை நிமிடம் பிந்தி வந்தது என்பதைத் தன் கொப்பியில் எழுதாமல் ஒரு நாளும் வீட்டுக்குப் போனதில்லை. வேலை நாளில் அவர் உயிலங்குளம் பக்கம் வந்தால், யாரோ செத்திருக்க வேண்டும். அவரை வரம்பில் கண்டதும் எடித் மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

"ஆர் அண்ணை?"

"ஒருதரும் இல்லை. இதைப் பார்."

அவர் நீட்டிய கடிதம் காணிக் கந்தோரிலிருந்து வந்திருந்தது. அதை அவள் இரண்டு தரம் வாசித்தாள். காலஞ்சென்ற சந்தியோகு என்பவருக்கு அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த இரண்டரை ஏக்கர் வயற்காணி, மூத்த ஆண்பிள்ளை என்ற முறையில் எமிலியானுஸ் ஆகிய உமக்கு உரித்தாகிறது, உடனடியாகப் பொறுப்பேற்கவும். அவ்வளவுதான். எடித்தின் பெயர் அதில் எந்த இடத்திலும் இல்லை.

அவள் குனிந்து நிலத்தைப் பார்த்தாள். காலுக்குக் கீழே இருந்த வரம்பு அவளே மண் அணைத்துக் கட்டியது. போன கிழமைதான் நண்டுப் பொத்தெல்லாம் அடைத்து முடித்தாள்.

"உங்களுக்கு நெல்லுக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியாதே, அண்ணை."

"அதைத்தான் நானும் பஸ்சிலை வரேக்கை யோசிச்சுக்கொண்டு வந்தனான்" என்றார் எமிலியானுஸ். "பயப்பிடாதை. எனக்கு வேண்டாம், தங்கச்சிக்குக் குடுங்கோ எண்டு எழுதிக் குடுத்தால் சரிதானே. நாளைக்கே போவம்."

எடித்துக்கு அப்போது நாற்பத்துநாலு வயது. சந்தியோகுவின் மூன்று பிள்ளைகளில் கடைசி. தாய் செத்தபோது அவளுக்குப் பதினாலு வயது. அன்றைக்கு ஏற்றிய அடுப்பு பிறகு அவள் பொறுப்பிலேயே எரிந்தது. கலியாணப் பேச்சுகள் வந்தன, போயின. பத்தொன்பது வயதில் தகப்பனுக்கு முதுகு பிடித்துக்கொள்ள, அந்தக் காலபோகத்து நெல்லுக்கு அவளே தண்ணீர் மாற இறங்கினாள். கட்டுக்கரைக் குளத்து வாய்க்காலில் தண்ணீர் விடும் நாளில், ஆம்பிளைகள் நடுவில் மண்வெட்டியோடு நின்று தன் முறைக்கு வாதாடி வாங்கிய முதல் பெண் அவள்தான் என்று உயிலங்குளத்தில் இன்றும் சொல்வார்கள். "எடித்தின்ரை தண்ணியிலை கை வைச்சவன் பிறகு கையை எண்ணிப் பாக்க வேணும்" என்று வாய்க்கால் தலைவர் இரத்தினம் பகிடியாகச் சொன்னது அவளுக்குப் பட்டப் பெயர் போல ஒட்டிக்கொண்டது. சண்டைக் காலத்தில் ஊர் முழுதும் பெயர்ந்து போய், 2010இல் திரும்பி வந்தபோது, வயல் இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு உடைமுள் மரம். அதையும் அவள்தான் வெட்டினாள். ஒரு மாதமும் நாலு நாளும் எடுத்தது.

மறுநாள் காணிக் கந்தோரில் இருந்த உத்தியோகத்தர் இந்திராதேவி நல்ல மனுசி. கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். எமிலியானுஸ் எழுதிக் கொண்டு வந்த கடிதத்தை மரியாதையாக வாங்கி வாசித்தார். பிறகு மெல்லத் திருப்பிக் கொடுத்தார்.

"ஐயா வேண்டாமெண்டு சொல்லலாம். ஆனால் ஆருக்குப் போக வேணுமெண்டு சொல்ல ஐயாவுக்கு உரிமை இல்லை. சட்டத்திலை வரிசை இருக்கு. முதல் ஆண்பிள்ளையள், மூத்தவரிலை இருந்து. ஆண்பிள்ளையள் முடிஞ்சால்தான் பெண்பிள்ளையள்."

"என்ன சட்டம் மிஸ் அது?"

"காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தைஞ்சு."

"முப்பத்தைஞ்சிலை எங்கடை அப்புவே பிறக்கேல்லை" என்றாள் எடித்.

"நானும் பிறக்கேல்லை அக்கா. நான் எழுதினதும் இல்லை." இந்திராதேவி கோவையைப் புரட்டினார். "ஐயா விட்டால் அடுத்தது ரெண்டாவது ஆண்பிள்ளை. பஸ்ரியன் எண்டு இருக்கு."

எடித்தும் எமிலியானுஸும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

பஸ்ரியன் 2007ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, தண்ணீர் இறைக்கும் மெசினுக்கு ஒரு சாமான் வாங்கச் சைக்கிளில் போனவன். சைக்கிள் மூன்றாம் நாள் இலுப்பைக்கடவை வீதியோரம் கிடந்தது. அவன் வரவில்லை. யாரிடம் கேட்கவில்லை, எங்கே போகவில்லை என்று சொல்ல முடியாத அளவுக்குத் தேடி முடித்திருந்தார்கள்.

"சின்னண்ணை காணாமல் போனவர், மிஸ்."

"தெரியும் அக்கா." இந்திராதேவி குரலைத் தாழ்த்தினார். "ஒரு மரணச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு வாங்கோ. இப்ப காணாமல் போனவைக்கு லேசாக் குடுக்கினம். அதைக் கோவையிலை வைச்சால் அடுத்த கிழமையே உங்கடை பேரிலை எழுதித் தருவன்."

"எடுக்காட்டி?"

"உரியவர் வரேல்லை எண்டு காணி அரசாங்கத்துக்குத் திரும்பும். காணி கேட்டு எழுதினவை என்ரை மேசையிலை நாப்பது பேருக்கு மேலை இருக்கினம்."

கந்தோருக்கு வெளியே வந்து எடித் வேப்ப மரத்தடியில் நின்றாள். வயல் வேண்டுமென்றால் சின்ன அண்ணன் சாக வேண்டும். அதை ஒரு நல்ல மனுசி, கதிரை தந்து இருத்தி வைத்து, இரக்கத்தோடு சொல்கிறாள்.

எமிலியானுஸ் தொண்டையைச் செருமினார். "எடித்து, அது ஒரு கடதாசிதானே. கடதாசி எழுதினவுடனை அவன் செத்துப்போவானே?"

"கடதாசிதான் எண்டால் நீங்களே போய் எடுங்கோ. 'என்ரை தம்பி செத்துப்போனான்' எண்டு பதிவுகாரருக்கு முன்னாலை சொல்லிக் கையெழுத்து வையுங்கோ. வைப்பியளோ?"

இரண்டு கழுதைகள் அவர்களைத் தாண்டி, கந்தோர் மதிலில் ஒட்டியிருந்த தேர்தல் படத்தை உரித்துத் தின்னத் தொடங்கின. எமிலியானுஸ் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவளால் ஏன் முடியாது என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. அவர்களுடைய கோவிலில் மரித்தோர் நினைவு நாளன்று, அதாவது கார்த்திகை இரண்டாம் திகதி, ஒவ்வொரு குடும்பமும் தங்கள் வீட்டில் செத்தவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கும். பூசையில் அந்தப் பெயர்கள் எல்லாம் வாசிக்கப்படும். ஊர் திரும்பிய முதல் வருடம், 2010இல், சந்தியோகுவின் தமக்கை முறையான மதலேனா மாமி, நல்லது நினைத்து, பஸ்ரியனின் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டாள். அவன் ஆத்துமாவுக்கு ஒரு செபமாவது கிடைக்கட்டுமே என்று அவளுக்கு எண்ணம். "சந்தியோகு பஸ்ரியன்" என்று வாசித்ததுதான் தாமதம், எழுபத்துநாலு வயதுக் கிழவர் சந்தியோகு வாங்கில் இருந்து எழும்பி, "அவன் சாகேல்லை!" என்று கத்தினார். அவர் பூசை முடியக் காத்திருக்கவில்லை. செருப்பையும் போடாமல் வெளியே நடந்துவிட்டார். அதற்குப் பிறகு மதலேனா மாமியோடு அவர் சாகும்வரை பேசவில்லை. 2012 கார்த்திகையில் அவர் செத்தார்.

அப்பு செத்து ஒரு வருடம் முடிவதற்குள் அந்தப் பெயரைத் தன் கையாலேயே செத்தவர் பதிவில் ஏற்றுவதா? எடித் அன்றிரவு சோறு தின்னவில்லை.

மன்னாரில் அப்போது சட்டத்தரணி றஊப் என்றொருவர் இருந்தார். புத்தளத்தில் இருபது வருடம் அகதியாக இருந்து திரும்பி வந்து, பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடை மாடியில் கந்தோர் வைத்திருந்தவர். எமிலியானுஸுக்குப் பழக்கம். அவர் கோவையை எல்லாம் வாசித்து, மேசையில் ஒரு மெல்லிய புத்தகத்தை விரித்து வைத்தார்.

"இது அரசியலமைப்பு. இந்தா, பன்னிரண்டாம் உறுப்புரை. சட்டத்துக்கு முன்னாலை எல்லாரும் சமம். பெண் எண்டு பார்த்து ஆரையும் பின்னாலை தள்ள ஏலாது."

எடித்தின் முகம் மலர்ந்தது. "அப்ப வழக்குப் போட்டால் வெல்லலாம்."

"அவசரப்படாதீங்கோ தங்கச்சி." றஊப் நாலு பக்கம் புரட்டினார். "இந்தா, பதினாறாம் உறுப்புரை. இந்த அரசியலமைப்புக்கு முதலே இருந்த சட்டங்கள், இந்த உரிமையளுக்கு மாறா இருந்தாலும், செல்லும்."

அவள் அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். "சமம் எண்டு எழுதினவையேதான் இதையும் எழுதினவையோ?"

"அவையேதான்."

"ஒரே புத்தகத்திலையோ?"

"நாலு பக்கம் தள்ளி."

எடித் கதிரையில் பின்னுக்குச் சாய்ந்தாள். ஆட்கள் பிழை விடுவார்கள், கந்தோர்கள் பிழை விடும். நாட்டின் தலைச் சட்டமே ஒரு கையால் தந்து மறு கையால் பிடுங்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

"பிறகு என்னத்துக்கு சேர் நீதிமன்றம்?"

"இதுக்குத்தான்" என்றார் றஊப். "எமிலியான் அண்ணை, உங்கடை பஸ் நேரசூசி ஆர் அடிக்கிறது?"

"கொழும்பிலை."

"அதிலை, பாலத்திலை வெள்ளம் ஏறினால் என்ன செய்யிறதெண்டு எழுதியிருக்கோ?"

"இல்லை. அது நாங்கள்தான் பாத்து…" எமிலியானுஸ் நிறுத்தினார்.

"அதேதான். சட்டம் எழுதினவை எல்லாத்தையும் நினைச்சு எழுதேல்லை. எழுதாமல் விட்ட இடத்திலை நீதிபதி நிண்டு, இதை இப்படித்தான் விளங்கிக்கொள்ள வேணுமெண்டு காரணம் காட்டி எழுதிறார். அந்த எழுத்தைப் பாத்து அடுத்த நீதிபதி இன்னொண்டு எழுதிறார். இந்த மெல்லிய புத்தகம் இப்பிடி எழுதி எழுதித்தான் தடிச்சுக்கொண்டு வருது. எங்களுக்குத் தேவை, உங்கடை வழக்கிலை எழுதாமல் விட்ட ஒரு இடம்."

மனு 2014 தை மாதத்தில் மேல் நீதிமன்றத்தில் தாக்கலானது. எடித் கொடுத்த சத்தியக்கடதாசியில் அவள் சொன்னபடியே ஒரு வசனம் இருந்தது: "வயலுக்காக என்னுடைய அண்ணனைச் சாகடிக்க என்னால் ஏலாது." இது சட்டப் பேச்சில்லை, எடுத்துவிடுவோம் என்று றஊப் சொன்னார். எடித் மறுத்தாள். "அதை எடுத்தால் மிச்சம் எல்லாம் பொய்" என்றாள். அதை வைத்துக்கொண்டே தாக்கல் செய்தார். வழக்கு முடியும்வரை கந்தோர் வயலில் கை வைக்கக் கூடாது என்று ஒரு இடைக்காலக் கட்டளை கிடைத்தது. அவள் அந்தப் போகத்தையும் விதைத்தாள்.

ஆடி மாதத் தவணைக்கு அரச சட்டத்தரணி ஒரு புதுப் பத்திரத்தோடு வந்தார். காணிப் பதிவகத்தில் இருந்து எடுத்த பிரதி. காணிக் கந்தோர்க் கோவையில் அது இருக்கவில்லை. சண்டையில் கோவைகள் இடம் மாறியபோது தவறியிருக்க வேண்டும்.

"இறந்தவர் தனக்குப் பின் இந்தக் காணி ஆருக்கு என்று தானே பதிவு செய்திருக்கிறார்" என்றார் அவர். "பின்னுரித்தாளர், இரண்டாவது மகன் பஸ்ரியன். மகளுக்குக் கொடுப்பது தகப்பனின் விருப்பமாகவே இருக்கவில்லை."

றஊப் பிரதியை வாங்கி வாசித்துவிட்டு, பின்னால் இருந்த எடித்திடம் நீட்டினார். பதிந்த திகதி 2010 கார்த்திகை மூன்று. கீழே, அப்புவின் கோணல் கையெழுத்து.

மூன்றாம் திகதி. கோவிலில் கத்திவிட்டு வெறுங்காலோடு நடந்து போனதற்கு மறுநாள்.

அந்த மூன்றாம் திகதி காலை மருந்து எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் அப்பு மன்னாருக்கு பஸ் ஏறினார். தவணை முடிந்த அன்று மாலையே எமிலியானுஸ் தன் பழைய கொப்பியை எடுத்துப் பார்த்தார். எட்டு நாற்பதுக்கு வர வேண்டிய பஸ் பத்து நிமிடம் பிந்தி வந்தது என்றும், பக்கத்தில் சின்ன எழுத்தில் "அப்பு வந்தவர், தேத்தண்ணி வேண்டாமெண்டவர்" என்றும் இருந்தது.

கோவில் அவனைச் செத்தவர் பட்டியலில் சேர்த்தது. அதற்குப் பதிலாக அவர் அரசாங்கத்தின் புத்தகத்தில் அவனை உயிரோடு எழுதி வைத்துவிட்டு வந்திருக்கிறார். அந்த எழுத்து தன் மகளின் காலடி மண்ணை உருவும் என்று கிழவருக்கு எங்கே தெரியும்? அல்லது தெரிந்துதான் செய்தாரா? இருபத்திரண்டு வருடம் வயலில் நின்றவள் ஒருத்தி வீட்டில் இருக்கிறாள் என்பது அந்த எட்டு நாற்பது பஸ்சில் அவருக்கு ஒரு தரமாவது நினைவு வந்திருக்குமா? எடித் கொப்பியை மூடி அண்ணனிடம் கொடுத்தாள்.

"அப்புவே என்னை விட்டிட்டுப் போட்டார், அண்ணை."

"அவர் உன்னை நினைக்கேல்லை எடித்து. அவனை மட்டுந்தான் நினைச்சவர்."

"அதுதானே நானும் சொல்லுறன்."

அன்றைக்கு அவள் வழக்கைக் கைவிட்டிருப்பாள். மறுநாள் எமிலியானுஸ், அவளிடம் கேட்காமலேயே றஊப்பிடம் போய், "அவள் சொன்னால் நிப்பாட்டாதீங்கோ, ரெண்டு கிழமை பொறுங்கோ" என்று சொல்லி வைத்தார். இரண்டு கிழமையில் அவளே வந்தாள். அப்பு மேலிருந்த கோபம் ஆறி வந்தவள் அல்ல. வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள், அவள் மண்வெட்டியோடு போய் நின்றாள், அங்கே நிற்கும்போது தான் எங்கே நிற்கிறாள் என்பது விளங்கிவிட்டது என்று மட்டும் சொன்னாள்.

தீர்ப்பு 2015 வைகாசி இருபத்திரண்டாம் திகதி வெள்ளிக்கிழமை. நீதிபதி வேறு மாகாணத்தில் இருந்து மாற்றலாகி வந்த ஒரு பெண். மெல்லிய குரலில், யாரையும் நிமிர்ந்து பாராமல், கடைசிப் பக்கத்தை மட்டும் வாசித்தார். "எழுத்தாணை வழங்கப்படுகிறது" என்ற சொற்கள் எடித்தின் காதில் விழுந்தன. அவள் றஊப்பின் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"சேர், வெண்டதோ தோத்ததோ?"

றஊப் அவளைத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருடம் வழக்காடியவர், வாயைத் திறந்தபடி நின்றார். "வெண்டது" என்றார். "எப்பிடி எண்டுதான் எனக்கும் விளங்கேல்லை."

பிரதி கையில் கிடைக்க மூன்று கிழமை சென்றது. முப்பத்தொரு பக்கம். எமிலியானுஸின் மகள் பிரான்சிஸ்கா அதை உயிலங்குளத்து வீட்டு விறாந்தையில் இருந்து உரத்து வாசித்தாள். அவள் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தவள். விதைப்புக்கும் வெட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் போட்டுவிட்டு மாமியிடம் ஓடி வருகிறவள்.

ஆண்பிள்ளைகள் முடிந்த பிறகுதான் பெண்பிள்ளை என்ற வரிசையை நீதிபதி முதலில் எடுத்திருந்தார். "இந்த வரிசை இன்று எழுதப்பட்டால் பன்னிரண்டாம் உறுப்புரையின் முன் ஒரு நாளும் நில்லாது. ஆனால் பதினாறாம் உறுப்புரை அதற்குக் குடை பிடிக்கிறது. அந்தக் குடையை மடக்க எனக்கு அதிகாரமில்லை. அதை இன்னும் அகல விரிக்க எந்த அதிகாரிக்கும் அதிகாரமில்லை."

"இனித்தான் மாமி நல்ல இடம்" என்றாள் பிரான்சிஸ்கா.

"இச்சட்டம் உயிரோடு இருப்பவரைப் பற்றிப் பேசுகிறது. இறந்தவரைப் பற்றிப் பேசுகிறது. வேண்டாம் என்று மறுத்தவரைப் பற்றியும் பேசுகிறது. இன்னும் வராதவரைப் பற்றி அது ஒரு சொல்லும் பேசவில்லை. சட்டம் பேசாத இடத்தில் அதிகாரி தமது வசதிப்படி பேச முடியாது. அங்கே பேச வேண்டியது அரசியலமைப்பு. மரணச் சான்றிதழ் கொண்டு வா என்று சட்டம் சொல்லவில்லை, கந்தோர் சொன்னது. கந்தோரின் சொல்லுக்குப் பதினாறாம் உறுப்புரையின் குடை இல்லை. அது பன்னிரண்டாம் உறுப்புரைக்குக் கீழேதான் நிற்க வேண்டும்."

தகப்பனின் பதிவைப் பற்றியும் எழுதியிருந்தார். பின்னுரித்தாளராகக் குறிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் காணிக்கு வர வேண்டும் என்பது சட்டம். பஸ்ரியன் வரவில்லை. ஏன் வரவில்லை என்று சட்டம் கேட்கவில்லை, நீதிமன்றமும் கேட்காது. வராதவரைத் தாண்டி வரிசை நகர்கிறது, மூத்தவர் மறுத்துவிட்டார், அடுத்து நிற்பவர் மகள். "இத்தீர்ப்பில் உள்ள எதுவும் பஸ்ரியன் இறந்துவிட்டார் என்ற முடிவு ஆகாது."

பிரான்சிஸ்கா பக்கத்தைத் திருப்பினாள். திருப்பியவள் வாசிப்பதை நிறுத்திவிட்டாள்.

"மாமி… உங்கடை வசனம் இருக்கு."

"என்ன வசனம்?"

"'வயலுக்காக என்னுடைய அண்ணனைச் சாகடிக்க என்னால் ஏலாது' என மனுதாரர் கூறுகிறார். ஒரு பிரசையை இவ்வாறு கூற வைக்கும் எந்த நிர்வாகக் கட்டளையையும், சமத்துவத்துக்கு அமைவானது என இந்நீதிமன்றம் ஏற்றுக்கொள்ள மாட்டாது."

எடித் தாளை வாங்கிப் பார்த்தாள். ஏலாது என்று அவள் சொன்னபடியே, இயலாது என்று திருத்தாமல், அச்சில் இருந்தது. நீதிமன்றத்தில் அந்த அம்மா அவளை ஒரு தரமும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பாராமலேயே இதை எடுத்து வைத்திருக்கிறார். எடித்துக்கு அழுகை வரவில்லை. யாரோ தன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றையும் குழப்பாமல் மூடி வைத்துவிட்டுப் போனதுபோல இருந்தது.

அரசாங்கம் மேன்முறையீடு செய்யவில்லை. ஆனால் தீர்ப்பு சும்மா கிடக்கவும் இல்லை. முசலிப் பக்கத்தில் புருசனைத் தேடிக்கொண்டிருந்த சபூரா என்ற பெண் றஊப்பிடம் வந்து பிரதி கேட்டாள். இன்னொரு மாவட்டத்தில் ஒரு நீதிபதி அதே பந்தியை எடுத்து, அதை வீட்டுக் காணிக்கும் இன்னும் ஒரு படி நீட்டி எழுதினார். வேறோர் இடத்தில் வேறொரு நீதிபதி, அது அவருடைய அபிப்பிராயம், என்னைக் கட்டுப்படுத்தாது என்று தள்ளிவிட்டார். தள்ளியதைக் கேட்ட நாளில் எடித் அண்ணனைத் தேடி பஸ் நிலையத்துக்குப் போனாள்.

"ஒரே சட்டம், ஒரே அரசியலமைப்பு. அங்கை ஒருத்தி தோத்திட்டாள். எனக்கு அந்த அம்மா வந்திருக்காட்டி?"

"நீயும் தோத்திருப்பாய்" என்றார் எமிலியானுஸ். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

அனுமதிப்பத்திரம் எழுதித் தர இந்திராதேவி 2016 தை மாதம் கூப்பிட்டார். எமிலியானுஸ் இஸ்திரி போட்ட சேட்டோடு தங்கைக்கு முன்னரே போய்க் கந்தோர் வாங்கில் இருந்தார். வந்து போகிறவர்களுக்கெல்லாம், "என்ரை தங்கச்சியின்ரை தீர்ப்பு, முப்பத்தொரு பக்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எடித் கையெழுத்து வைத்தாள். இந்திராதேவி பத்திரத்தில் முத்திரை குத்திவிட்டு இன்னொரு படிவத்தை எடுத்தார்.

"அக்கா, இனி உங்களுக்குப் பின்னாலை ஆருக்கெண்டு இண்டைக்கே எழுதுங்கோ. எழுதாட்டித் திரும்பவும் இதே கூத்துத்தான். உங்களுக்குப் பிள்ளையள் இல்லை. சகோதரம், பெறாமக்கள், ஆரையும் போடலாம்."

"பிரான்சிஸ்கா" என்றாள் எடித். அவள் யோசிக்கக்கூட இல்லை.

"பிரான்சிஸ்காவோ?" என்றார் எமிலியானுஸ். "என்ரை மூத்த மகன் இருக்கேக்கை…"

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிந்தது. இந்திராதேவியின் பேனை நடுவழியில் நின்றது. பக்கத்து மேசையில் இருந்தவரும் திரும்பிப் பார்த்தார். ஒன்றரை வருடம் தவணை தவணையாக நீதிமன்ற வாசலில் நின்ற மனுசன். தனக்கு வந்த காணியை ஒரே நாளில் வேண்டாமென்று எழுதிக் கொடுத்த மனுசன். எடித் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபிக்க வேண்டுமென்று நினைத்தாள், கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது.

"அந்தச் சட்டத்தை எழுதினவையும் உங்களைப் போல நல்ல மனுசராத்தான் இருந்திருப்பினம், அண்ணை."

எமிலியானுஸ் இஸ்திரி போட்ட சேட்டின் கைப் பொத்தானைக் கழற்றினார், பூட்டினார், திரும்பவும் கழற்றினார். கடைசியில், "நெல்லுக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரிஞ்சவள் அவள்தான்" என்று முணுமுணுத்தார். "மூத்தவன் வயலுக்குச் செருப்போடை போறவன்."

"அதுக்காக இல்லை" என்றாள் எடித். "நான் குடுக்கிறன், அவளுக்கு."

இந்திராதேவி பெயரை எழுதினார். சாட்சிக்கு ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது. எமிலியானுஸ் பேனையை வாங்கினார். வாழ்நாளில் கோடு தப்பி எழுதாத மனுசன். அன்று முதல் எழுத்தே கட்டத்துக்கு வெளியே போயிற்று. வேறு படிவம் எடுக்கட்டோ என்று இந்திராதேவி கேட்டார். வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் என்றாள் எடித்.